தலைக்காசு

2024 மே 11 அன்று கோலா குபு பாரு சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. உறுப்பினராக இருந்த லீ கீ ஹியோங் மார்ச் மாதம் காலமானதால் வந்த தேர்தல். ஏறக்குறைய 40 ஆயிரம் வாக்காளர்கள், அதில் இந்தியர்கள் 18 விழுக்காடு. பதினான்கு நாள் பிரச்சாரத்தில் வேட்பாளர்களின் 'தகுதி' பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஒருவருடைய பட்டம் உண்மையானதா என்று கேட்டார்கள். இன்னொருவர் சீனப்பள்ளியில் படித்தவராச்சே என்றார்கள். 2010இல் இதே வட்டாரத்தில் நடந்த உலு சிலாங்கூர் நாடாளுமன்ற இடைத்தேர்தலிலும் இதே கதைதான். அப்போது ஒருவரின் பட்டத்தையும் மற்றவரின் குடிப்பழக்கத்தையும் மேடைக்கு மேடை அலசினார்கள்.

பட்டம், பள்ளி, குடி. பதவிக்கு ஒருவர் தகுதியானவரா என்று பார்க்க நமக்குத் தெரிந்த அளவுகோல்கள் இவ்வளவுதான் போல. அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், கணக்கு யாரிடம் கொடுக்கிறார் என்று எந்தக் கூடாரத்திலும் நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் வட சிலாங்கூர் தோட்டங்களின் வரலாற்றை இந்தக் கேள்விகளை வைத்தே எழுதிவிடலாம் என்பது என் எண்ணம்.

கங்காணியிடமிருந்து தொடங்க வேண்டும். தோட்டத்தில் ஆட்களுக்குத் தலைவர் அவர். ஊரிலிருந்து அவர்களைக் கூட்டிவந்தவரும் அவரே. சண்டை வந்தால் தீர்த்துவைப்பார், துரையிடம் போய்ப் பேசுவார், திருவிழாவில் முதல் மரியாதையும் வாங்கிக்கொள்வார். ஆனால் அவருடைய வருமானம் எப்படி வந்தது என்று பாருங்கள். காலையில் பெரட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்களோ, அத்தனை தலைக்கு இத்தனை காசு என்று தோட்டம் கொடுக்கும். தலைக்காசு என்பார்கள். காய்ச்சலில் படுத்த ஆளை எழுப்பிவிட்டால் அவருக்கு வருமானம், படுக்கவிட்டால் நட்டம். பல இடங்களில் கடை வைத்தவரும் வட்டிக்குக் கொடுத்தவரும் அவரேதான். ஆட்களின் தலைவர், ஆட்களின் கடன்காரர், துரையிடம் காசு வாங்குபவர் மூவரும் ஒரே ஆள். அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியில் எனக்கு அக்கறையில்லை. நல்ல கங்காணிகளும் இருந்திருக்கிறார்கள். காசு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கம்தான் அவர் கடைசியில் பேச முடிந்தது, அதுதான் விஷயம்.

1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வுக்குத் தடை போட்டதும் கங்காணி முறையின் முதுகெலும்பு முறிந்தது. மூன்றே ஆண்டில், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்து கோலா சிலாங்கூர் பக்கமும் பரவியது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்த ஆர்.எச்.நாதன். அவரை நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். தோட்டம் காசு கொடுக்காத ஓர் ஆளை முன்னால் நிறுத்தி ஜனங்கள் பேசவைத்ததற்கு வாங்கிய பதில் அது.

இப்போது கோலா குபு பாரு பட்டணத்தைப் பாருங்கள். பழைய கோலா குபு 1883இல் அணை உடைந்து பாதி அழிந்தது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் அந்த வெள்ளத்தில் போனார் (அவர் வெள்ளை முதலையைச் சுட்டதால் வந்த வினை என்பது இங்கே இன்றும் சொல்லப்படும் கதை). பிறகு ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றை நிரப்பி, வெள்ளம் மாற்றி வெள்ளம் வந்து, 1920களில் ஊரையே மேட்டுக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். அரசாங்க நகர வடிவமைப்பாளர் சார்ல்ஸ் ரீட் பூங்கா நகரமாக அதை வரைந்தார். இன்றைக்கும் அந்தத் தெருக்களில் நடந்தால் மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊரை உருவாக்கியதில் ஓட்டு என்ற ஒன்று கிடையாது. சானிட்டரி போர்டின் தலைவர் மாவட்ட அதிகாரி. உறுப்பினர்கள் நியமனம் செய்யப்பட்ட பெரிய மனிதர்கள். சம்பளமில்லாத கௌரவப் பதவி என்பதால் வசதி உள்ளவர் மட்டுமே உட்கார முடியும்.

சம்பளமில்லாத பதவி தூய்மையானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிரிட்டனில் 1838இல் சாசன இயக்கத்துத் தொழிலாளர்கள் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கொடு என்பது. பட்டறையில் வேலை செய்பவன் மன்றத்துக்கு வர வேண்டுமானால் அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் இல்லையா? அது நடக்க 1911 வரை ஆனது. ஆண்டுக்கு 400 பவுன். சம்பளம் கேட்டது பேராசைக்காரர்கள் இல்லை, ஏழைகள்.

நம் மேடைகளில் ஜனநாயகம் என்றாலே உத்திரமேரூர் கல்வெட்டு வந்துவிடும். குடவோலை, பானை, சிறுவன் கையை விட்டு ஓலை எடுப்பது. சொல்லி முடித்ததும் கைத்தட்டல். கல்வெட்டின் மீதியை யாரும் சொல்வதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. வாரியத்துக்கு வர வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. நம் லயத்து வீட்டு ஜனங்களில் ஒருவர் ஓலைகூட அந்தப் பானைக்குள் போயிருக்காது. ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் வரக்கூடாது. எந்தெந்த உறவு என்று வரிசையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கிள்ளானுக்கு வரும்போது தேவைப்படும்.

மலாயாவில் உள்ளாட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் தொடங்கியது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். அதே 1952இல் வந்த உள்ளாட்சி மன்றச் சட்டம் புதுக் கிராமங்களுக்கும் ஓட்டைக் கொண்டுபோனது. நாடாளுமன்றத் தேர்தலுக்கும் முன்னால் நம் நாட்டுக்காரன் ஓட்டுப் போட்டது குப்பை, சாக்கடை, தெருவிளக்கு விவகாரங்களுக்குத்தான். தமிழர்களும் இதில் மேலே வந்தார்கள். 1957இல் ஜார்ஜ் டவுன் நகரமானபோது முதல் மேயர் தொழிற்கட்சியின் டி.எஸ்.ராமநாதன். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி நகரசபையைப் பிடித்தது. தம்பி டி.ஆர். சீனிவாசகம் மத்திய அமைச்சர் ஒருவரை ஊழல்காரர் என்றார். வெளியே வந்து சொல் பார்ப்போம் என்று அமைச்சர் சவால் விட, இவர் வெளியே வந்தும் சொன்னார். வழக்குப் போட்ட அமைச்சர் தோற்று, பதவியை விட்டார். உள்ளூர் மன்றத்தில் வேர்விட்ட ஒரு கட்சிக்காரருக்கு இருந்த துணிச்சல் அது.

ஆனால் நம் ஆட்கள் கொண்டாடும் இந்தப் பொற்காலத்தில் தோட்டம் எங்கே இருந்தது? வரைபடத்திலேயே இல்லை. ராசாவிலும் பத்தாங் காலியிலும் செரண்டாவிலும் புதுக் கிராமங்கள் இருந்தன. அவற்றைத் தாண்டியதும் ரப்பர். தோட்டம் தனியார் நிலம். அங்கே மன்றம் கிடையாது, மதிப்பீட்டு வரி கிடையாது, ஆகவே ஓட்டும் கிடையாது. தண்ணீர், விளக்கு, சாலை, வீடு எல்லாம் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். வீடு முதலாளியின் பொறுப்பு என்று 1966இல் தனிச் சட்டமே வந்தது. நல்லது போலத் தெரியும். வேலை போனால் வீடும் போகும், உங்களுக்காகக் கேட்க ஒரு மன்ற உறுப்பினர்கூட இருக்கமாட்டார் என்பது இதன் மறுபக்கம். கங்காணி போன இடத்தில் கட்சிக் கிளைத் தலைவர் வந்து உட்கார்ந்தார். கூட்டத்துக்கு எத்தனை பஸ் ஆட்களைக் கொண்டுவருகிறார் என்பதை வைத்து அவருடைய மதிப்பு. தலைக்காசு என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

1965 மார்ச்சில் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி அரசாங்கம் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தது. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்றார்கள். மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது. தேர்தல் வரவில்லை. நிறுத்தத்துக்குப் பின்னால் சொல்லப்பட்ட இன்னொரு காரணம் மன்றங்களின் நிதிமுறைகேடு, நிர்வாகக் கோளாறு. முக்கியமான சில மன்றங்கள் எதிர்க்கட்சிகளின் கையில் இருந்தன என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

இதையெல்லாம் விசாரிக்க 1965இல் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். 'தமிழ் நேசன்' வழியாக வந்தவர், வழக்கறிஞர், ம.இ.கா. தலைவர்களில் ஒருவர். அவர் மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் துணைத் தளபதியாக இருந்தவர். எனக்கு ஆதி நாகப்பன் மேல் தனி மரியாதை உண்டு. கூட்டணிக் கட்சிக்காரர், கூட்டணி அரசாங்கம் அமைத்த ஆணையம், எதிர்க்கட்சி மன்றங்கள் மேல் புகார். என்ன அறிக்கை வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கியிருக்கும். ஆணையம் அன்றிருந்த 374 உள்ளாட்சி அமைப்புகளைப் பார்த்தது. அதில் 289 சின்னஞ்சிறு உள்ளூர் மன்றங்கள். வருமானம் போதாது, ஆள் போதாது, எல்லை குறுகியது என்று கண்டது. மன்றங்களை இணைத்துப் பெரிதாக்குங்கள், ஆனால் தேர்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று 1968 இறுதியில் சொன்னது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் குறையிருந்தாலும் நியமிக்கப்பட்டவர்களைவிட அவர்களே மேல் என்பது அதன் முடிவு. குறை இல்லை என்று அது சொல்லவில்லை. தகுதியில்லாதவரை அகற்றும் அதிகாரம் வரி கட்டுபவரிடம் இருக்கட்டும் என்பதுதான் அதன் சாரம்.

அடுத்த மே மாதத்தில் 13ஆம் தேதி வந்தது. அதற்குப் பிறகு தேர்தலைப் பற்றிப் பேசவே நாடு பயந்தது. அறிக்கையில் அரசாங்கத்துக்குப் பிடித்த பாதியை, அதாவது இணைப்பை, எடுத்துக்கொண்டார்கள். 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தேர்தல் பற்றிய எல்லா விதிகளும் செல்லாது என்று ஒரே வாக்கியத்தில் கதையை முடித்தது. ஆதி நாகப்பனும் அதே 1976இல் காலமானார்.

புதிய சட்டப்படி மாநில அரசு 8 முதல் 24 பேர் வரை மன்ற உறுப்பினர்களை நியமிக்கும். தவணை அதிகபட்சம் மூன்று ஆண்டு. தகுதி என்ன? உள்ளாட்சி விவகாரத்தில் அனுபவம், அல்லது தொழில், வணிகத்தில் பெயர் பெற்றவர், அல்லது தம் சமூகத்தைப் பிரதிநிதிக்கக்கூடியவர். கடைசி வாசகத்துக்குள் யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம். நான் சின்ன வயதில் பார்த்த மன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றித் தோட்டத்தில் பெருமையாகச் சொல்வார்கள்: "அவரு கவுன்சிலரு லா, கட்சியில பெரிய ஆளு." எந்தச் சாக்கடையை வெட்டினார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அலவன்ஸ் மாநிலம் நியமித்த பதவிக்கு. பதவி கட்சி கொடுத்தது. அவர் யாருக்குக் கணக்குக் கொடுப்பார்?

கிள்ளானுக்கு வருவோம். 2006இல் போர்ட் கிள்ளான் சட்டமன்ற உறுப்பினரும் கிள்ளான் நகராண்மைக் கழக உறுப்பினருமான ஜக்காரியா முகமது டெரோஸ், பண்டமாரானில் மாளிகை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டட வரைபடத்துக்கு அனுமதி வாங்கவில்லை. அனுமதி கொடுக்க வேண்டிய கழகத்தில் அவரே உறுப்பினர். குடியிருந்த பழைய வீட்டுக்கு 12 ஆண்டு மதிப்பீட்டு வரி கட்டவில்லை என்பதும் வெளியே வந்தது. மகனும் மருமகளும் அதே கழகத்தில் உறுப்பினர்கள். மூவரும் கழகத்திலிருந்து விலகினார்கள், ஆனால் அவர் சட்டமன்றத்தில் தொடர்ந்தார். உத்திரமேரூர் சபை இருந்திருந்தால் மகனும் மருமகளும் முதலிலேயே வந்திருக்க முடியாது. ஜக்காரியா ஒரு காலத்தில் ரயில்வே கேட் காவலராக இருந்தவர். பத்திரிகைகள் இதைக் கிண்டலாக எழுதின. எனக்கு அந்தக் கிண்டல் பிடிக்கவில்லை. கேட் காவலர் சட்டமன்றத்துக்கு வருவது நல்ல நாட்டின் அடையாளம். வரியைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் 12 ஆண்டு கேட்காமல் இருந்ததுதான் இதில் அசிங்கம்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்கவைத்தது ஈஜோக். பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கம், கோலா சிலாங்கூர் மாவட்டம், கால்வாசிக்கு மேல் இந்திய வாக்காளர்கள். ம.இ.கா.வின் சட்டமன்ற உறுப்பினர் கே.சிவலிங்கம் காலமாக, 2007 ஏப்ரல் 28 அன்று இடைத்தேர்தல். ம.இ.கா. சார்பில் கே.பார்த்திபன். எதிரே காலிட் இப்ராகிம். சில நாள்களில் தார் பூசாத சாலைகளில் தார் ஓடியது. பார்த்திபன் 1,850 வாக்குகளில் வென்றார்.

காலிட் யார்? கோலா சிலாங்கூர் ஜெராமில் பிறந்தவர். பெர்மோடாலான் நேஷனல் என்ற தேசிய முதலீட்டு நிறுவனத்தை வழிநடத்தியவர். 1981 செப்டம்பர் 7 காலையில் லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனத்தை வெள்ளைக்காரர்களிடமிருந்து பிடுங்கிய படலத்தின் நாயகன். தோட்டத்து ஜனங்களுக்கு இந்தத் தேதி தெரியாது. துரை மாறினார், பெரட்டு மாறவில்லை. பின்னர் அதே கத்ரியின் தலைமை நிர்வாகியாகவும் இருந்தார். 2001இல் கத்ரி பங்குகளை வாங்க பேங்க் இஸ்லாமிடம் கடன் எடுத்தார். அந்தக் கடன் தகராறாகி 2007இல் வழக்கானது. வங்கி கேட்ட தொகை 66.67 மில்லியன் வெள்ளி.

2008இல் அதே ஈஜோக் மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். மந்திரி புசார் ஆனார். அரசாங்கப் பணத்தில் கஞ்சன் என்று பெயர் எடுத்தார். மாநிலத்தின் கையிருப்பு அவர் காலத்தில் பெருகியதை எதிரிகளும் மறுக்கவில்லை. 2014இல் அவருடைய வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. நிபந்தனைகள் என்ன என்று பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. அதே ஆண்டு அவருடைய சொந்தக் கட்சியே அவரைக் கீழிறக்கப் புறப்பட்டபோது, எடுத்த ஆயுதங்களில் ஒன்று இந்தத் தீர்வு. ஆட்சி முடிவுகளுக்கும் தன் கடனுக்கும் தொடர்பில்லை என்று அவர் மறுத்தார். ஆகஸ்டில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், செப்டம்பரில் அஸ்மின் அலி பதவி ஏற்றார்.

காலிட் தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் எதுவும் நான் பார்த்ததில்லை. என் உறுத்தல் வேறு. ஒரு மனிதர் ஐந்தாறு ஆண்டு மாநிலத்தை ஆண்டபோது அவர் தலைக்கு மேல் அறுபத்தாறு மில்லியன் தொங்கியது. அது வாக்காளர்களுக்குப் பேச்சாகவில்லை, கட்சிக்குள் சண்டை வந்ததும்தான் பேச்சானது. அப்போது நம் சட்டப்படி 30,000 வெள்ளி கடனுக்கே ஒருவரைத் திவாலாக்கலாம். யாரோ நண்பன் கார் வாங்கக் கையெழுத்துப் போட்டுத் திவாலான தோட்டத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். திவாலானவர் சட்டமன்றத்தில் உட்கார முடியாது என்று அரசியலமைப்பு சொல்கிறது. முப்பதாயிரத்தில் மாட்டிக்கொண்டவர் தகுதியிழப்பார். அறுபத்தாறு மில்லியனைத் தீர்த்துக்கொள்ள முடிந்தவர் தகுதியோடு இருப்பார். 2017இல் இந்த வரம்பு 50,000 ஆகவும், கோவிட் காலத்தில் ஒரு லட்சமாகவும் உயர்ந்தது. விகிதம் கொஞ்சம் மாறியது, நியாயம் அப்படியேதான்.

இதே காலத்தில்தான் சம்பள உயர்வும் வந்தது. 2013 நவம்பரில் சிலாங்கூர் சட்டமன்றம், உறுப்பினர் சம்பளத்தை 6,000 வெள்ளியிலிருந்து 11,250 ஆகவும், மந்திரி புசார் சம்பளத்தை 29,250 ஆகவும் உயர்த்தியது. அந்த 2013இல்தான் நாட்டில் முதன்முறையாகக் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. பன்னிரண்டரை மடங்கு. கோபப்பட்டவர்கள் நிறைய. நான் அந்தக் கோபத்தில் முழுசாகச் சேரமாட்டேன். சாசன இயக்கத்துக்காரன் சொன்னது சரி. சம்பளம் கொடுக்காவிட்டால் வக்கீலும் காண்டிராக்டரும்தான் வருவார்கள். ஆனால் சம்பளம் உயர்ந்தபோது கணக்கும் கூடவே உயர்ந்திருக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் சொத்து விவரத்தை அறிவிக்க வேண்டும் என்ற தீர்மானம் 2019 ஜூலையில்தான் நிறைவேறியது. நியமன மன்ற உறுப்பினரின் கணக்கை எந்த வாக்காளரும் கேட்க முடியாது. கேட்க அவருக்கு வாக்காளரே இல்லை.

தேர்தலைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று 2008இல் சொன்ன கட்சிகள் சிலாங்கூரில் மன்றப் பதவிகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. அரசு சாரா அமைப்புகளுக்கும் சில இடங்கள் போயின. பினாங்கு அரசு மாநிலச் சட்டமே இயற்றிப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. உள்ளாட்சித் தேர்தல் வந்தால் இனக்கலவரம் வரும் என்ற பழைய பயமுறுத்தலை இரண்டு பக்கத்துத் தலைவர்களும் மாற்றி மாற்றிச் சொல்லிவருகிறார்கள். ஊர்ச் சாக்கடைக்கு ஓட்டுப் போட்டால் எப்படி இனக்கலவரம் வரும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நியமனத்தில் மட்டும் இனம் பார்க்காமலா போடுகிறார்கள்?

மறுபடியும் 2024. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் என்று ஐந்து தோட்டங்கள். வீடு கேட்டு இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள். வேலையும் போய், ரப்பரும் போய், தாத்தா காலத்து லயங்களில் இருந்தவர்கள். இடைத்தேர்தல் பிரச்சாரத்தின்போது 245 குடும்பங்களுக்கு வீடு என்ற அறிவிப்பு வந்தது.  சாதாரண நாளில் ஒரு மாவட்ட மன்றம் பேசியிருக்க வேண்டிய விஷயத்துக்கு மேலிடத்திலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. அவரும் வருவதற்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் காலமாக வேண்டியிருந்தது. ஜ.செ.க. வேட்பாளர் பாங் சொக் தாவ் 3,869 வாக்குகளில் வென்றார்.

அந்த வீடுகள் கைக்கு வரும்போது தோட்டத்து ஜனங்கள் மூன்று தலைமுறையில் முதன்முறையாகச் சொந்த வீட்டுக்கு மதிப்பீட்டு வரி கட்டுவார்கள். ஆண்டுக்கு இரண்டு தவணை. பிப்ரவரி முடிவில் ஒன்று, ஆகஸ்ட் முடிவில் ஒன்று. அந்தப் பகுதிக்கு ஒரு மன்ற உறுப்பினரும் இருப்பார். அவர் யார் என்பதைக் கட்சி முடிவு செய்து, மாநில அரசு கடிதம் அனுப்பியிருக்கும்.